மடக்குக் குடை: பொடியனும் சிற்பியும்

மடக்குக் குடையைக் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்விக்கு இன்று குறைந்தது நான்கு விடைகள் புழங்குகின்றன. 1709இல் ழான் மாரியஸ் என்னும் பாரிஸ் நகரத்துக் கைவினைஞர் என்பது ஒரு விடை. 1928இல் ஹான்ஸ் ஹாப்ட் என்னும் ஜெர்மானியர் என்பது இரண்டாவது. 1929இல் வியன்னாவில் சிற்பம் பயின்றுகொண்டிருந்த ஸ்லாவா ஹொரோவிட்ஸ் என்னும் பெண் என்பது மூன்றாவது. இந்த விடையை அதிகமும் ஆஸ்திரேலியாவில்தான் கேட்கலாம், ஏன் என்பதைப் பின்னர் காண்போம். 1969இல் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த பிராட்ஃபோர்ட் ஃபிலிப்ஸ் என்பது அமெரிக்க விடை. நால்வருக்கும் 'முதல்' என்னும் அடைமொழி தவறாமல் கொடுக்கப்படுகிறது. ஒரு பொருளுக்கு நான்கு முதல்வர்கள் இருக்க முடியாது. ஆயினும் நால்வரில் எவரும் பொய்யர் அல்லர் என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை.

இந்தச் சிக்கலை அவிழ்க்க வேண்டுமானால் ஆட்களைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டுப் பொருளைக் கையிலெடுத்துப் பார்க்க வேண்டும். இலக்கிய இதழ்களை வாசிப்பவர்களிடம் கம்பியையும் கீலையும் பற்றிப் பேசுவது கொஞ்சம் அத்துமீறல்தான். ஆனாலும் யாப்பின் உறுப்புகளை அறியாமல் செய்யுளின் நயம் பேசுவது எவ்வளவு சரியோ, குடையின் உறுப்புகளை அறியாமல் அதன் வரலாற்றைப் பேசுவதும் அவ்வளவே சரி.

நாம் 'தாத்தா குடை' என்று அழைக்கும் நீளக் குடையை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒரு தண்டு. பழந்தமிழில் இதற்குக் காம்பு என்று பெயர். தண்டின் உச்சியில் ஒரு குமிழ். அதிலிருந்து பெரும்பாலும் எட்டுக் கம்பிகள் கீழ்நோக்கிப் பிரிகின்றன. துணி இவற்றின்மேல் தைக்கப்பட்டிருக்கிறது. தண்டின்மேல் ஏறி இறங்கும் ஒரு வளையம். அந்த வளையத்திலிருந்து ஒவ்வொரு கம்பியின் நடுப்பகுதிக்கும் ஒரு முட்டுக்கம்பி செல்கிறது. வளையத்தை மேலே தள்ளினால் முட்டுக்கம்பிகள் எட்டும் ஒரே நேரத்தில் எட்டுக் கம்பிகளையும் வெளியே தள்ளுகின்றன. குமிழில் ஒன்று, வளையத்தில் ஒன்று, முட்டுக்கம்பி கம்பியைத் தொடுமிடத்தில் ஒன்று என ஒரு கம்பிக்கு மூன்று மூட்டுகள். ஆக மொத்தம் 24. தாத்தா குடையின் பொறி இவ்வளவே.

துணியும் இந்தப் பொறியின் உறுப்பு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விரிந்த குடையில் கம்பிகள் நேராக இருப்பதில்லை. துணி இழுப்பதால் வளைந்து நிற்கின்றன. கம்பி துணியை விறைப்பாக்குகிறது, துணி கம்பியை வளைக்கிறது. வில்லும் நாணும் போல ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் அத்தனை மெல்லிய உறுப்புகளால் ஆன ஒரு கூரை காற்றில் நிற்கிறது. துணி தளர்ந்த குடை மழையில் மட்டுமல்ல, காற்றிலும் பயனற்றதாகிவிடுவது இதனால்தான்.

இந்த அமைப்பில் மாற்ற முடியாத ஒரு கட்டுப்பாடு உண்டு. மூடிய குடையின் நீளம் ஒருபோதும் கம்பியின் நீளத்தைவிடக் குறையாது. ஓர் ஆளை நனையாமல் காக்க வேண்டுமானால் குடையின் மையத்திலிருந்து விளிம்புவரை அரை மீட்டராவது வேண்டும். கம்பியும் ஏறத்தாழ அவ்வளவு நீளம் இருந்தாக வேண்டும். கைப்பிடியும் முனையும் சேர்ந்தால் முக்கால் மீட்டரைத் தாண்டிவிடும். இதைக் குறைக்க வேண்டுமானால் தண்டையும் சுருக்க வேண்டும், கம்பியையும் சுருக்க வேண்டும்.

தண்டைச் சுருக்குவது எளிது. குழாய்க்குள் குழாய் நுழைவது தொலைநோக்கிகளால் பதினேழாம் நூற்றாண்டிலேயே பழகிப்போன உத்தி. கம்பிதான் வம்பு பிடித்தது. கம்பியின் நடுவில் ஒரு கீல் வைத்தால் மடங்கும். ஆனால் மடங்கும் கம்பி, துணியின் இழுப்பையும் காற்றின் உதைப்பையும் எப்படித் தாங்கும்? மூடும்போது முழங்கைபோல் மடங்க வேண்டும், திறக்கும்போது மூட்டே இல்லாததுபோல் விறைத்து நிற்க வேண்டும். அதுவும் எட்டுக் கம்பிகளிலும் ஒரே நேரத்தில், ஒரே கையசைவில். மழை கொட்டத் தொடங்கிய பிறகு நடுத்தெருவில் நின்று கம்பி கம்பியாக நிமிர்த்திக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இராது. மடக்குக் குடையின் வரலாறு என்பது உண்மையில் இந்த ஒற்றை மூட்டின் வரலாறு.

மடங்கும் குடை என்னும் எண்ணம் மிகப் பழையது. சீனத்தில் வாங் மாங் என்னும் அரசனின் சடங்குத் தேருக்கு கி.பி. 21இல் மடக்கக்கூடிய குடை பொருத்தப்பட்டதாக ஹான் வம்ச வரலாற்று நூல் குறிப்பிடுகிறது. அதன் தண்டில் நீட்டவும் சுருக்கவும் ஏற்ற மூட்டுகள் இருந்தன என்று பின்வந்த உரையாசிரியர் ஒருவர் விளக்கம் எழுதியிருக்கிறார். மூலத்தைவிட உரைகாரரின் குறிப்பே நமக்கு அதிகம் உதவுவது தமிழ் படித்தவர்களுக்குப் புதிய அனுபவம் அன்று. ஆனால் இது தேர்க்குடை. நம் மன்னர்களின் வெண்கொற்றக் குடையைப் போலவே, நிழலில் இருப்பவர் ஒருவர், பிடிப்பவர் வேறொருவர். தானே தூக்கிச் செல்ல வேண்டாதவனுக்குக் குடையின் நீளம் ஒரு பொருட்டே அன்று. குடை சுருங்க வேண்டும் என்ற தேவை, நனைபவனே சுமப்பவனாகவும் ஆன பிறகு எழுவது.

அந்தத் தேவையை முதலில் வணிகமாக மாற்றியவர் ழான் மாரியஸ். இவர் ஹார்ப்சிகார்ட் என்னும் கட்டைவிசை நரம்பிசைக் கருவியைச் செய்பவர். 1700இல் பயணத்தில் கொண்டு செல்ல ஏற்றவாறு மூன்று துண்டாக மடங்கும் ஹார்ப்சிகார்ட் ஒன்றுக்கு அரச உரிமம் பெற்றவர். பிரஷ்ய மன்னர் மகா ஃபிரெடெரிக்கிடம் இவருடைய மடக்குக் கருவி ஒன்று இருந்தது. நரம்புகள் பூட்டிய ஓர் இசைக்கருவியையே மடிக்கத் தெரிந்தவருக்குக் குடை எம்மாத்திரம்? கம்பிகளில் கீல் வைத்து, பையில் வைத்துக்கொள்ளக்கூடிய, ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள குடையை அவர் செய்தார். பதினான்காம் லூயி மன்னர் 1710இல் அதற்கு ஐந்தாண்டுக் காலத் தனியுரிமை வழங்கினார்.

இங்கே ஒரு சிறு விலகல். மாரியஸ் செய்த இரு பொருள்களுக்கும் பிரெஞ்சில் 'பிரிசே' என்றே அடைமொழி. நேர்ப்பொருள் 'உடைந்த' என்பது. உடைந்த குடை, உடைந்த ஹார்ப்சிகார்ட் என்றுதான் விற்றிருக்கிறார்கள்! தமிழில் நாம் மடக்கு என்கிறோம். அணியிலக்கணம் படித்தவர்களுக்கு மடக்கு என்றால் வேறு நினைவு வரும்: வந்த சொல்லே மீண்டும் வந்து வேறு பொருள் தருவது. உடைதல் என்ற சொல்லைவிட மடங்குதல் என்ற சொல் இந்தப் பொருளுக்கு நெருக்கமானது என்பதில் நமக்கு ஐயமில்லை, மாரியஸின் குடை எத்தனை நாள் உடையாமல் இருந்திருக்கும் என்பது வேறு கேள்வி. 1716இல் இதே மாரியஸ் நரம்பைச் சுத்தியலால் தட்டும் கருவிகளுக்கான வரைபடங்களைப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின்முன் வைத்தார். பியானோவின் அடிப்படை இதுதான். ஆனால் இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி அதை ஏற்கெனவே செய்து முடித்திருந்தார். பியானோவுக்குப் பிந்தி வந்தவர், குடைக்கு இரு நூற்றாண்டுகள் முந்தி வந்துவிட்டார்.

முந்தி வந்துவிட்டார் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மாரியஸின் காலத்திலும் அதற்குப் பின் நெடுங்காலமும் குடைக்கம்பிகளுக்கு ஏற்ற பொருள் இல்லை. பிரம்பும் திமிங்கில முள்ளுமே கம்பிகளாக இருந்தன. முள் நனைந்தால் கனக்கும், காய்ந்தால் வெடிக்கும். எண்ணெய் பூசிய துணியோடு சேர்ந்து குடை ஒரு சுமையாகவே இருந்தது. லண்டனில் ஜோனாஸ் ஹான்வே என்பவர் 1750களில் குடை பிடித்து நடந்து வண்டிக்காரர்களின் கேலிக்கு ஆளானதாகச் சொல்லப்படும் கதையை யாவரும் அறிவர். சமூக வழக்கத்தைப் பற்றிய அந்தக் கதை பொறியமைப்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை என்பதால் அதைக் கடந்து செல்கிறோம்.

பொருளை மாற்றியவர் இங்கிலாந்தில் ஷெஃபீல்டுக்கு அருகே ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்னும் ஊரில் கம்பியிழுக்கும் ஆலை நடத்திய சாமுவேல் ஃபாக்ஸ். 1852இல் இவர் எஃகுக் கம்பியைக் குச்சியாக அல்லாமல் ஒரு குட்டி வாய்க்கால் வடிவில் வளைத்துச் செய்தார். தாளைத் தட்டையாகப் பிடித்தால் தொங்கிவிடும். இருபுறமும் மடித்து வாய்க்காலாக்கினால் விறைத்து நிற்கும். அதே தத்துவம்தான். பாதி எடையில் அதே உறுதி கிடைத்தது. இந்த வடிவத்தில் ஃபாக்ஸே எண்ணிப் பார்த்திராத ஒரு வரமும் ஒளிந்திருந்தது: ஒரு வாய்க்காலுக்குள் இன்னொரு கம்பி படுத்துக்கொள்ளலாம். மடங்கிய உறுப்புகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கினால்தான் மூடிய குடை கைக்குள் அடங்கும். இன்று கடையில் வாங்கும் எந்த மடக்குக் குடையைப் பிரித்துப் பார்த்தாலும் அந்த வாய்க்காலைக் காணலாம்.

பொருள் கிடைத்துவிட்டது. இனி மூட்டு. கீலுக்கு அப்பாலுள்ள நுனிக் கம்பியை நிமிர்த்துவது எப்படி என்பதற்குக் கிடைத்த விடை நம் உடம்பிலேயே இருக்கிறது. முழங்கையை நிமிர்த்துவது எலும்பன்று. மூட்டைத் தாண்டிச் சென்று மறுபுற எலும்பைப் பற்றியிருக்கும் தசைநாண். அதுபோலவே மடக்குக் குடையில் பிரதானக் கம்பிக்கு இணையாக ஒரு மெல்லிய இழுகம்பி ஓடுகிறது. அதன் ஒரு முனை முட்டுக்கம்பியோடு தொடர்புடையது; மறுமுனை கீலைச் சற்றே தாண்டி நுனிக் கம்பியைப் பிடித்திருக்கிறது. வளையம் மேலேறும்போது முட்டுக்கம்பி நகர்கிறது, இந்த இணைகர அமைப்பு சாய்கிறது, நுனிக் கம்பி தானாக வெளியே திரும்பி நேராகிறது. வளையத்தை இறக்கினால் அதே வழியில் எல்லாம் மடங்குகிறது. கை கொடுப்பது ஒரே அசைவு. மற்றவற்றைக் கம்பிகள் தமக்குள் பேசி முடித்துக்கொள்கின்றன.

பழுதான மூன்று மடிப்புக் குடை ஒன்றை நாம் ஒருமுறை கல்லூரியில் ஆசிரியர் ஓய்வறை மேசைமீது துணியை உரித்துப் பரப்பி எண்ணிப் பார்த்ததுண்டு. (உடனிருந்த இயற்பியல் பேராசிரியர் உதவியிராவிட்டால் அதை மீண்டும் மூடியிருக்க முடியாது.) ஒரு கம்பித் தொகுதிக்கு ஏழெட்டு மூட்டுகள், குடை முழுவதற்கும் ஐம்பதைத் தாண்டியது. தாத்தா குடையின் 24 மூட்டுகளோடு ஒப்பிட்டால் சுருக்கத்துக்கு நாம் கொடுக்கும் விலை புலப்படும். ஒவ்வொரு மூட்டும் சற்றுத் தளர்ந்தாலே போதும், நுனியில் அத்தளர்ச்சிகள் எல்லாம் கூடிக் குடை தள்ளாடும். கீழிருந்து காற்று உதைக்கும்போது நுனிக் கம்பியை நிறுத்திவைக்கும் பொறுப்பு பென்சில் முனையைவிட மெல்லிய அந்த இழுகம்பியின் தலையில் விழுகிறது. மடக்குக் குடை காற்றில் தலைகீழாகத் திரும்பிக்கொள்வது தரக்குறைவால் மட்டும் நிகழ்வதன்று. சிறிதாக வேண்டும் என்று நாம் கேட்ட வரத்தின் மறுபக்கம் அது.

இப்போது மனிதர்களிடம் திரும்புவோம்.

ஹான்ஸ் ஹாப்ட் சுரங்கத் துறையில் பதவி வகித்தவர். முதல் உலகப் போரில் காயமுற்றதனால் கைத்தடியின்றி நடக்க முடியாதவர். ஒரு கையில் தடி. மழை நாளில் மறு கையில் நீளக் குடை. இரண்டு கையும் போய்விட்டால் பை எதிலே, கதவு திறப்பது எதிலே? கைத்தடி போன்ற இன்னொரு நீளப் பொருளைச் சுமக்க வேண்டியிருந்ததே அவருடைய எரிச்சல். இழுத்தால் நீண்டு தள்ளினால் சுருங்கும் குடை ஒன்றை வடிவமைத்து 1928இல் காப்புரிமை கோரினார். போரில் கையையும் காலையும் இழந்தும் ஊனமுற்றும் திரும்பிய இலட்சக்கணக்கானவர்கள் நடமாடிய ஜெர்மனியில் இப்படி ஓர் எண்ணம் பிறந்தது இயல்பே.

ஏறக்குறைய அதே நாள்களில் வியன்னாவில் ஸ்லாவா ஹொரோவிட்ஸ் அதே எரிச்சலை வேறு வழியில் வந்தடைந்தார். அன்றைய ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்த கலீசியாவில் 1901இல் பிறந்த யூதப் பெண் அவர்; சிறு வயதிலேயே குடும்பம் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தது. அன்டோன் ஹனாக் என்னும் புகழ்பெற்ற சிற்பியிடம் பயின்று, பின் நுண்கலைக் கழகத்திலும் சேர்ந்தார். 1928இல் ஒரு மழை நாளில் நகரத்துக் கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போகும் வழியில், கனத்த நீளக் குடையைச் சுமந்துகொண்டு நடக்கையில், இது கைப்பைக்குள் அடங்கினால் என்ன என்று தோன்றியதாம். தோன்றாதவர் யார்? தோன்றியதை மாதிரியாகச் செய்து பார்த்து, 1929 செப்டம்பர் 19இல் காப்புரிமையும் பெற்றவர் அவர்.

சிற்பக்கலை மாணவி குடைக்குள் நுழைந்ததைச் சிலர் விந்தையாகச் சொல்கிறார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. களிமண்ணில் உருவம் செய்பவர் முதலில் செய்வது உள்ளே நிற்கும் கம்பிக்கூட்டைத்தான். மேலே தெரியும் தோளும் இடுப்பும் உள்ளேயுள்ள கூடு எங்கே வளைகிறது, எங்கே பாரம் தாங்குகிறது என்பதைப் பொறுத்தவை. தோலுக்கு அடியில் எலும்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் துணிக்கு அடியில் கம்பியைப் பார்ப்பது பெரிய தாவல் அன்று. உடம்பின் மூட்டை வரைந்து பழகியவர் குடையின் மூட்டைச் சிந்தித்தார் என்றே நாம் கொள்கிறோம்.

ஸ்லாவாவின் குடைக்கு 'ஃப்ளிர்ட்' என்று பெயர் வைத்தார்கள். சரசமாடுதல் என்று பொருள்படும் இந்தப் பெயர், அந்தக் காலத்து வியன்னாவின் நாகரிகப் பெண்களை நோக்கிச் சூட்டப்பட்டது என்பது வெளிப்படை. ஆஸ்திரியாவில் பிரூடர் வூஸ்டர் நிறுவனமும், ஜெர்மனியில் அதன் கூட்டாளியான கோர்டன்பாக் உண்ட் ராவ் நிறுவனமும் அதைத் தயாரித்தன. ஹாப்ட்டின் குடையை ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத்து ஃபிரிட்ஸ் பிரெம்ஷேயின் தொழிலகம் தயாரித்தது. கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் பேர்போன ஊர் அது. எஃகை மெலிதாக இழைப்பதும் துல்லியமாகக் கீல் அடிப்பதும் அந்த ஊர்க்காரர்களுக்குப் பரம்பரைக் கைப்பழக்கம். குடைக்கு அவர்கள் வைத்த பெயர் 'க்னிர்ப்ஸ்'. பொடியன், வாண்டு என்று பொருள்.

பெயர்ப்பொருத்தம் என்று ஒன்று உண்டல்லவா? பொடியன் வென்றான். நாம் எந்த நகலெடுப்பையும் ஜெராக்ஸ் என்று சொல்வதுபோல, ஜெர்மன் மொழியில் எந்த நிறுவனம் செய்த சிறு மடக்குக் குடையையும் க்னிர்ப்ஸ் என்றே சொல்லத் தொடங்கினார்கள். ஒரு வணிகப் பெயர் பொதுச்சொல் ஆகிவிட்டால் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மனிதரும் மொழியின் துணையால் நிலைத்துவிடுகிறார். க்னிர்ப்ஸ் என்ற சொல் இருக்கும்வரை அகராதிக்காரர்களும் வரலாற்றுக்காரர்களும் ஹாப்ட்டைத் தேடிச் செல்வார்கள். ஃப்ளிர்ட் என்ற சொல்லைக் கேட்டு யாரும் குடையை நினைப்பதில்லை.

அமெரிக்க விடைக்கு வருவோம். ஒஹையோவின் லவ்லேண்ட் ஊரிலிருந்த டோட்ஸ் நிறுவனத்தின் உரிமையாளர் பிராட்ஃபோர்ட் ஃபிலிப்ஸ் 1969இல் மடக்குக் குடைக்குக் காப்புரிமை பெற்றார் என்பது உண்மை. அவரை 'செயல்படும் மடக்குக் குடையை முதலில் படைத்தவர்' என்று எழுதுவது, அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மானியர்களும் ஆஸ்திரியர்களும் காசு கொடுத்து வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு திரிந்ததை மறந்துவிட்டு எழுதுவது. காப்புரிமை என்பது ஒரு குறிப்பிட்ட அமைப்புக்கு ஒரு நாடு தரும் பாதுகாப்பு. 'நீயே உலகில் முதல்வன்' என்று தரப்படும் பட்டயம் அன்று. ஒரே பொருளுக்குப் பல காப்புரிமைகள் இருப்பதில் முரண் ஏதுமில்லை. முன்னவர் விட்ட இடத்தில் ஒரு மூட்டை நகர்த்தியவரும் காப்புரிமை பெறலாம். நால்வரும் பொய்யர் அல்லர் என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

பிற்காலத்தில் கம்பி இரண்டுக்குப் பதில் மூன்றாக மடிந்தது. ஒரு சாண் நீளத்துக்குள் குடை அடங்கியது. பொத்தானை அழுத்தினால் விரியும் வகையும் வந்தது. நம் கடைத்தெருவில் பட்டன் குடை என்பார்கள். அதில் ஒரு நுட்பத்தைச் சொல்லாமல் செல்ல மனமில்லை. தண்டுக் குழாய்க்குள் ஒரு சுருள்வில் இருக்கிறது. பொத்தானால் திறந்து பொத்தானாலேயே மூடும் குடையில்கூட, கம்பிகள் மூடிக்கொண்டபின் தண்டை மட்டும் நாமே கையால் அழுத்தி உள்ளே தள்ள வேண்டும். அது சற்றுப் பலம் கேட்கும் வேலை, பலரும் சலித்துக்கொள்வார்கள். ஆனால் அப்போது சுருள்வில்லுக்குள் போய் உட்காரும் அந்தப் பலம்தான் அடுத்த மழைக்குக் குடையை விரிக்கிறது. தானியங்கி என்று பெயரிட்டாலும் இயக்குவது நேற்றைய நம் கைதான்.

தயாரிப்பு ஐரோப்பாவிலிருந்து நகர்ந்து முதலில் தைவானுக்கும் பின்னர் சீனாவுக்கும் சென்றது. விலை வீழ்ந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட மூட்டுகள் கொண்ட ஒரு பொறி, ஒரு மழைக்கு வாங்கி மறுமழைக்கு எறியும் பண்டமாயிற்று. மரத்தடியில் பெட்டி வைத்துக்கொண்டு கம்பி மாற்றிக் கொடுத்த குடை பழுதுபார்ப்பவர்களுக்குத் தாத்தா குடை கைவந்த கலை. மூன்று மடிப்புக் குடையின் இழுகம்பி அறுந்தால், புதியது வாங்குங்கள் என்று அவர்களே சொல்லும் நிலை வந்தது.

ஸ்லாவாவை நாம் வியன்னாவில் விட்டுவிட்டு வந்தோம். 1931இல் அவர் கார்ல் டுல்டிக் என்னும் சிற்பியை மணந்தார். இவரும் ஹனாக்கின் மாணவர். குடையிலிருந்து வந்த உரிமத் தொகை இரு சிற்பிகளின் இல்லறத்துக்குப் பெருந்துணையாக இருந்தது. கலையை நம்பி வாழும் குடும்பத்துக்கு மழை சோறிட்டது எனலாம். 1938 மார்ச் மாதம் ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தன. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. யூதர்களுக்கு அங்கே உரிமையும் இல்லை, உடைமையும் இல்லை என்றான பிறகு, வெளியேறும் நெருக்கடியில் ஸ்லாவா தம் காப்புரிமையை விற்றுவிட நேர்ந்தது. தேடித் தேடி ஓர் எரிச்சலுக்கு விடை கண்டவருக்கு அந்த விடையின்மேல் சட்டப்படி இருந்த தொடர்பு அத்தோடு முடிந்தது. ஃப்ளிர்ட்டை முன்னிறுத்திப் பேச ஐரோப்பாவில் ஆளில்லாமல் போனது இப்படித்தான். பொடியனுக்குப் பின்னால் ஸோலிங்கனின் ஆலை இருந்தது. ஃப்ளிர்ட்டுக்குப் பின்னால் ஓர் அகதி.

குடும்பம் சுவிட்சர்லாந்துக்குத் தப்பி, 1939இல் சிங்கப்பூர் சேர்ந்தது. அங்கே கார்லும் ஸ்லாவாவும் கலை கற்பித்தும் சிற்பம் செய்தும் காலூன்றத் தொடங்கிய நேரத்தில் ஆங்கில அரசு அவர்களை 'பகை நாட்டு அந்நியர்' என்று வகைப்படுத்தியது. ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதால் ஆஸ்திரியர் எல்லாம் ஜெர்மானியர். ஜெர்மானியர் எல்லாம் பகைவர். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூதர்களையே ஹிட்லரின் ஆட்களாகக் கணக்கிட்ட அதிகாரத் தர்க்கம் அது. 1940இல் குயின் மேரி கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். விக்டோரியா மாநிலத்து டட்டூராவில் முள்வேலி முகாமில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். விடுதலைக்குப் பின் மெல்போர்னில் குடியேறினார்கள். ஸ்லாவா பள்ளியில் ஓவியம் கற்பித்தார்.

வியன்னா வீட்டின் அறைகலன்களையும் சிற்பங்களையும் ஸ்லாவாவின் சகோதரி பாரிஸுக்குக் கொண்டு சென்று, ஜெர்மானியர் அந்நகரைப் பிடித்திருந்த ஆண்டுகள் முழுவதும் ஒரு நிலவறையில் மறைத்துக் காத்திருந்தார். போருக்குப் பிறகு அவை கப்பலேறி மெல்போர்ன் வந்தன. ஸ்லாவா 1975இலும் கார்ல் 1986இலும் மறைந்தனர். அவர்கள் வாழ்ந்த வீடு பின்னாளில் அருங்காட்சியகமாக்கப்பட்டது; கார்லின் சிற்பங்களைப் பார்க்க வந்தவர்கள் அங்கேதான் குடையின் கதையைக் கேட்டார்கள். மூன்றாவது விடை ஆஸ்திரேலியாவில் உயிர் பிழைத்தது அவ்வாறே.

வியன்னாவிலிருந்து கைக்குழந்தையாக வந்த மகள் ஈவா பின்னாளில் விம்பிள்டனில் டென்னிஸ் ஆடியவர். பெற்றோரின் வாழ்வையும் அம்மாவின் குடையையும் 'டிரிஃப்ட்வுட்' என்னும் நூலில் எழுதி 2017இல் வெளியிட்டார். 2022இல் அது இசை நாடகமாக மெல்போர்னில் மேடையேறியது.